இருவருக்கு ஓர் ஆள்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு இறங்கப்
பத்தொன்பது படி.
கட்டிக் கொடுத்த நகரசபைக்கு
நாங்களும் கிழவர்களாவோம் என்று தோன்றவில்லை போலும்.

நோட்டில் எழுதுகிறேன்.
படியை இடித்துச் சரிவு போட எண்பதாயிரம் ரேண்ட்.
குளியலறைக் கதவை அகலமாக்கப் பன்னிரண்டு.
பொய்க்கால் இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்றார்
ஆஸ்பத்திரிக்காரர்.
மேலே இருப்பவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உம்ஷ்லாங்காவில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தோம்.
கடல் தெரியும் அறை, மாதம் இருபத்தாறாயிரம்.
தெரியாத அறை எவ்வளவு என்று கேட்டேன்.
சாலிஸ்பரி தீவில் மூன்று வருடம்
கடற்படைச் சோறு தின்றவன் நான்.
கொதிகலன் வெடித்த அன்றோடு
அந்த நீலம் எனக்குப் போதும்.

பெர்த்திலிருந்து மகன் கேட்கிறான்:
"எத்தனை வருஷத்துக்குப் போடணும்ப்பா?"
எப்படிக் கேட்பதென்று தெரியாமல் கேட்கிறான்.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பதினொன்று.
அவன் தட்டுகிற சத்தம் கேட்டது.
பன்னிரண்டாவது கட்டம் காலி.

தம்பி லோகாவோடு பதினாறு வருடம் பேச்சில்லை.
வெள்ளைக்காரன் கப்பலுக்கு நான் சம்பளத்துக்குப் போனேன்.
சம்பளம் இல்லாமல் அவன்
எல்லை தாண்டி அங்கோலா போனான்.
அம்மா செத்தபோது
சொல்லி அனுப்ப ஒரு முகவரி இல்லை.
அவன் வருவானென்று
போலீஸ்காரன் மட்டும் மூன்று நாள் தெருமுனையில் காத்திருந்தான்.
கண்ணிவெடிக்கு இடது காலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.
என்னிடம் ஏற்கெனவே வலது இல்லை.
அதற்கப்புறம் பேசினோம்,
மழையைப் பற்றி.

போன மாதம் படைவீரர் அலுவலகத்தில்
இருவரும் வரிசையில் நின்றோம்.
நின்றோம் என்பது பேச்சுக்கு.
ஒரே படிவம். ஆறாம் கேள்வி:
எந்தப் படையில் பணியாற்றினீர்?
என் பேனாவை வாங்கி அவன் எழுதினான்.
அவன் சூடு ஆறாத பேனாவால் நான் எழுதினேன்.
குமாஸ்தாப் பெண் இரண்டையும்
ஒரே கம்பியில் குத்தினாள்.
பதினெட்டு மாதம் ஆகும் என்றாள்.

அதுவரை?
பீனிக்ஸில் இருக்கிற தன் அறையை விட்டுவிட்டு
இங்கேயே வருகிறேன் என்றான் லோகா.
ஒரு வீடு, ஒரு கேஸ் சிலிண்டர்,
இருவரையும் தூக்க ஓர் ஆள்.
நோட்டைப் பிடுங்கி அவனே கூட்டினான்.
சின்ன வயதிலும் கணக்கில் அவன்தான் புலி.

உம்லாஸியிலிருந்து நொம்ஃபுண்டோ வந்தாள்.
கட்டிலைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்,
எங்களை எடை போட்டாள்.
ஒருவரைப் பார்க்க ஆறாயிரத்து ஐந்நூறு என்றால்
இருவருக்கு எட்டாயிரம் வைத்துக்கொள்ளலாமே?
கேட்டது நானில்லை.
தொழிலாளிக்காகத் துப்பாக்கி தூக்கினவன்.

"நீங்கள் இரண்டு முதுகு,
எனக்கு ஒன்றுதான்" என்றாள்.

பதினொன்றாயிரத்துக்கு முடிந்தது.
டாக்ஸிக்காசு தனி, ஞாயிறு லீவு.
கிளம்பும்போது வாசலில் திரும்பி
இன்னொன்றும் சொன்னாள்:
என் பெயரிலும் மாதாமாதம்
ஓய்வு நிதிக்குக் கட்ட வேண்டும்,
நானும் கிழவியாவேன்.
லோகா என்னைப் பார்த்தான்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
அந்த வரிக்கு
ஒரு வாரமாக நான் இடமே விட்டிருக்கவில்லை.
ஓரத்தில், குறுக்கே எழுதினேன்.

மகனின் தாளில் இனி வருடம் ஒன்பதுதான்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு மட்டும் இடிக்கிறது.
அன்றைக்கு யார் யாரைத் தூக்குவது?
நேற்று ஒத்திகை பார்த்தோம்,
கட்டிலிலிருந்து கழிப்பறை வரை,
அவன் வலது, என் இடது.
பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டேன்,
ராத்திரியில் அப்படித்தானே இருக்கும்.
பாதி வழியில் சிரிப்பு வந்து
சுவரில் சரிந்தோம்.
மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்:
"செருப்பு ஒரு ஜோடி வாங்கினால் போதும்டா
நம்ம ரெண்டு பேருக்கும்."

நான் எட்டு, அவன் ஒன்பது.
இதிலும் ஒத்துப்போகவில்லை.

நோட்டில் எழுதினேன்:
செருப்பு, இரண்டு ஜோடி.